விருந்தினருக்காகத் தளரும் சட்டம்

பன்னாட்டு விளையாட்டுப் போட்டி ஒன்றைப் பார்க்க வெளிநாடு செல்லும் ரசிகர் ஒரே நேரத்தில் மூன்று வகை விதிகளுக்குக் கட்டுப்படுகிறார். முதலாவது, போட்டி நடக்கும் நாட்டின் சட்டம். இரண்டாவது, போட்டியை நடத்தும் அமைப்பு டிக்கெட்டோடு சேர்த்து விதிக்கும் நிபந்தனைகள். மூன்றாவது எந்த ஏட்டிலும் முழுதாக எழுதப்படாதது. போட்டி நடக்கும் அந்தச் சில வாரங்களில் எதைக் கண்டும் காணாமல் விடுவது, எதைத் தடுப்பது என்று காவல்துறையும் அரங்கக் காவலர்களும் பின்பற்றும் நடைமுறை அது. சமயமும் மரபும் சட்டத்தின் வாயிலாகவே பேசும் நாடுகளில் பார்வையாளரின் அன்றாடத்தை ஆள்வது இந்த மூன்றாவதுதான். அங்கே கிடைக்கும் சுதந்திரம் நிச்சயமற்றதாக இருப்பதற்கும் அதுவே காரணம். 2022இல் கத்தாரில் நடந்த கால்பந்து உலகக் கோப்பை இதை மிக விரிவாகக் காட்டியது.

அந்தப் போட்டி கத்தாருக்கு வழங்கப்பட்டது 2010 டிசம்பர் 2ஆம் தேதி, சூரிக் நகரில். இறுதிச் சுற்று வாக்கெடுப்பில் அமெரிக்காவை 14க்கு 8 என்ற கணக்கில் கத்தார் முந்தியது. சுமார் 30 லட்சம் பேர் வாழும் நாடு. அதில் குடிமக்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்கள் இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை நடந்த 64 ஆட்டங்களுக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சிறு நாட்டுக்குள் வந்து சென்றனர். நகரங்களுக்கு இடையே பறந்து திரிய வேண்டிய பிரேசில், ரஷ்யப் போட்டிகளைப் போலன்றி, எட்டு அரங்குகளும் தோஹாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலுமே இருந்தன. உலகின் பலவகை வாழ்க்கை முறைகளும் ஒரே நகரத்தின் சட்டத்தோடு நேருக்கு நேர் வந்து நின்றன.

அந்தச் சட்டம் தெளிவானது. 2004ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் திருமணத்துக்கு வெளியிலான பாலுறவையும், ஆண்களுக்கிடையிலான பாலுறவையும் குற்றமாக்குகிறது. இரண்டுக்கும் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பொது இடத்தில் மது அருந்துவது குற்றம். உரிமம் பெற்ற ஓட்டல்களில் 21 வயது நிரம்பியோர் குடிக்கலாம். விமானத்தில் வருபவர் ஒரு புட்டிகூடக் கொண்டுவர முடியாது. பன்றி இறைச்சி, மின்சிகரெட், ஆபாசப் படங்கள், சிலவகை வலிநிவாரணி மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, சமூகப் பாதுகாப்பு என்ற பெயரில் 2002இல் வந்த 17ஆம் எண் சட்டம் ஒருவரைக் குற்றச்சாட்டு ஏதுமின்றி ஆறு மாதம் வரை காவலில் வைக்க இடம் தருகிறது. தண்டனைப் பிரிவுகள் எவ்வளவு கடுமையானவை என்பதைவிட, வழக்கே இல்லாமல் ஒருவரைப் பிடித்து வைக்கலாம் என்னும் இந்த அதிகாரம்தான் கவலைக்குரியது.

எதிர்ப்பக்கத்தில் உலகக் கோப்பையை நடத்தும் அமைப்பான ஃபிஃபா நிற்கிறது. அதன் சாசனத்தின் 3ஆம் பிரிவு மனித உரிமைகளை மதிப்பதாக உறுதி கூறுகிறது. 4ஆம் பிரிவு இனம், பாலினம், மதம், பாலீர்ப்பு உள்ளிட்ட எந்த அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரகி 2016இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் மறு ஆண்டே ஃபிஃபா மனித உரிமைக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. ஆனால் கத்தாருக்குப் போட்டியை வழங்கிய 2010இல் இந்தக் கொள்கையோ, போட்டி கேட்கும் நாடு இதில் தேர வேண்டும் என்ற நிபந்தனையோ இல்லை. கையெழுத்தானபின் கேட்கப்படும் உறுதிமொழிக்கு வலு குறைவு.

ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றும் ஆற்றல் ஃபிஃபாவுக்கு இல்லையா என்றால், உண்டு. பிரேசிலில் ரசிகர்களிடையே வன்முறை பெருகியதால் கால்பந்து அரங்குகளில் மதுவுக்குத் தடை இருந்தது. 2014 போட்டிக்கு முன் ஃபிஃபாவின் பொதுச் செயலாளர் ஜெரோம் வால்க் பீர் விற்பனையில் பேரத்துக்கே இடமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2012 ஜூனில் அதிபர் தில்மா ரூசெஃப் கையெழுத்திட்ட உலகக் கோப்பைப் பொதுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் 2010 போட்டிக்காகவே 56 தனி நீதிமன்றங்கள் இயங்கின. அங்கே நெதர்லாந்து–டென்மார்க் ஆட்டத்தில் ஆரஞ்சு நிறக் குட்டை ஆடை அணிந்து வந்த 36 பெண்கள் வெளியேற்றப்பட்டனர். அதிகாரபூர்வப் புரவலர் அல்லாத ஒரு டச்சு பீர் நிறுவனத்துக்கு அந்த ஆடை மறைமுக விளம்பரம் என்பது குற்றச்சாட்டு. அவர்களில் இருவர் கைது செய்யப்பட்டனர். பின்னர் வழக்கு கைவிடப்பட்டது. பார்வையாளரின் உடையைக் கண்காணிப்பது பழமைவாத நாடுகளின் தனிப்பழக்கம் என்று எண்ணுவோர் இந்த நிகழ்வை நினைவில் கொள்ளலாம். புரவலரின் வணிகத்துக்காக ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்தவைத்த அமைப்பு, ரசிகரின் பாதுகாப்புக்காக அதே அளவு அழுத்தம் கொடுத்ததா என்பதே கத்தார் விஷயத்தில் எழும் நியாயமான கேள்வி.

கத்தாரில் பீர் விஷயமேகூட வேறு விதமாக முடிந்தது. அரங்குகளின் வெளிவளாகத்தில், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பட்வைசர் பீர் விற்கலாம் என்று ஏற்பாடாகியிருந்தது. கூடாரங்களும் நின்றன. நவம்பர் 18ஆம் தேதி, தொடக்க ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், அந்த விற்பனை நீக்கப்பட்டதாக ஃபிஃபா அறிவித்தது. மதுவில்லாத பீர் மட்டும் மிஞ்சியது. அல் பித்தா பூங்காவில் அமைந்த ரசிகர் திருவிழாவில் மாலை ஏழு மணி முதல் இரவு ஒரு மணி வரை ஒரு குவளை 50 ரியாலுக்குக் கிடைத்தது. உரிமம் பெற்ற ஓட்டல்களிலும் கிடைத்தது. அரங்குக்குள்ளேயே உயர்கட்டணப் பெட்டிகளில் இருந்தோருக்கும் தடையில்லை. ஒரு நாளில் மூன்று மணி நேரம் பீர் இல்லாவிட்டால் உயிர் போய்விடாது என்றார் ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்திலேயே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்நிலைக் கால்பந்து ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்து மது அருந்த முடியாது. கத்தார் போட்டியின் முடிவில் இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்கள் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டிஷ் காவல்துறை தெரிவித்தது. குடிபோதைக் கூட்டம் இல்லாததால் அரங்குக்குப் போய்வர அச்சமில்லை என்று பல நாட்டுப் பெண் ரசிகர்கள் சொன்னார்கள். ஆகவே மதுத் தடையை ஒரு பெரும் உரிமை மீறலாகப் பேசுவது மிகை. குறை வேறிடத்தில் உள்ளது. பல ஆண்டுகள் பேசி, ஒப்பந்தமாகி, விளம்பரமும் செய்யப்பட்ட ஓர் உறுதிமொழி 48 மணி நேர அறிவிப்பில் கரைந்துபோனது. விலை கூடிய இருக்கையில் இருந்தவருக்கு மட்டும் கரையவில்லை. உலகின் பெரும் மது நிறுவனம் ஒன்றுக்குத் தரப்பட்ட வாக்கே நிற்கவில்லை என்றால், தன்பாலீர்ப்பு கொண்ட ரசிகருக்குத் தரப்பட்ட வாய்மொழி வாக்குக்கு என்ன பிணை?

அந்த வாக்கு பலமுறை தரப்பட்டிருந்தது. 2022 மே மாதம் பெர்லினில், ஜெர்மன் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸின் அருகில் நின்று, எல்லாரையும் வரவேற்கிறோம், எங்கள் பண்பாட்டை மதிக்க வேண்டுகிறோம் என்ற பொருளில் பேசினார் கத்தார் அமீர் தமீம். திருமணமாகாத இணைகள் ஓட்டலில் ஒரே அறையில் தங்கலாம், யாரும் சான்று கேட்க மாட்டார்கள் என்றது ஏற்பாட்டுக் குழு. அது பெருமளவு காப்பாற்றவும் பட்டது. ஆனால் குற்றவியல் சட்டத்தின் ஒரு வரிகூட மாறவில்லை. அரசின் பிரதிநிதிகள் எல்லாரும் ஒரே குரலில் பேசவுமில்லை. போட்டியின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த மேஜர் ஜெனரல் ஒருவர், ரசிகரின் கையிலிருக்கும், தன்பாலீர்ப்பாளர் உரிமையின் அடையாளமான வானவில் கொடியை அவரது பாதுகாப்புக்காகவே வாங்கிவைக்க நேரலாம் என்று 2022 ஏப்ரலில் செய்தி நிறுவனமொன்றிடம் கூறினார். போட்டியின் தூதர்களில் ஒருவரான முன்னாள் வீரர் காலித் சல்மான், தன்பாலீர்ப்பை மனக்கோளாறு என்று ஜெர்மன் தொலைக்காட்சியில் சொன்னார். பேட்டி அத்தோடு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், 2019க்கும் 2022க்கும் இடையே உள்நாட்டுத் தன்பாலீர்ப்பாளரும் திருநரும் காவலில் கடுமையாக அடிக்கப்பட்ட ஆறு நிகழ்வுகளைப் பதிவு செய்தது. கத்தார் அரசு அதை மறுத்தது.

போட்டி தொடங்கியதும் நடந்தவை இந்த முரண்பாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. இங்கிலாந்து, வேல்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து அணித்தலைவர்கள் பாகுபாட்டுக்கு எதிரான பலவண்ணக் கைப்பட்டை அணியத் திட்டமிட்டிருந்தனர். நவம்பர் 21 அன்று, இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன், அணிந்தால் மஞ்சள் அட்டை உள்ளிட்ட நடவடிக்கை வரும் என்று ஃபிஃபா எச்சரித்தது. ஏழு நாடுகளும் கைவிட்டன. இரண்டு நாள் கழித்து ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் ஜெர்மன் வீரர்கள் வாயைக் கையால் மூடியபடி படத்துக்கு நின்றார்கள். பார்வையாளர் மாடத்தில் ஜெர்மன் உள்துறை அமைச்சர் நான்சி ஃபேசர் அதே கைப்பட்டையை அணிந்து இன்ஃபான்டினோவின் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அமைச்சரை யாரும் தடுக்கவில்லை.

மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. நவம்பர் 21 இரவு அமெரிக்கா–வேல்ஸ் ஆட்டத்துக்காக அகமது பின் அலி அரங்குக்கு வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் கிராண்ட் வால், சட்டையில் வானவில் படம் இருந்ததற்காக ஏறக்குறைய அரை மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டு அனுமதித்தார்கள். அதே அரங்கில், வேல்ஸ் மகளிர் அணியின் முன்னாள் தலைவர் லாரா மெக்அலிஸ்டரிடம் வானவில் நிறத் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். பிரேசிலின் பெர்னம்புகோ மாநிலக் கொடியிலும் ஒரு வானவில் உண்டு. அந்தக் கொடியோடு நின்ற பிரேசில் பத்திரிகையாளர் ஒருவரின் கைப்பேசி பறிக்கப்பட்டது. மாநிலத்தின் சின்னத்துக்கும் ஓர் இயக்கத்தின் அடையாளத்துக்கும் வேறுபாடு தெரியாத காவலர்தான் அந்த இடத்தில் சட்டமாக இருந்தார். அடுத்த சில நாட்களில், வானவில் தொப்பிகளுக்குத் தடையில்லை என்று ஃபிஃபா உறுதி அளித்ததாக வேல்ஸ் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. நவம்பர் 28இல் போர்ச்சுகல்–உருகுவே ஆட்டத்தின் நடுவே வானவில் கொடியோடு களத்துக்குள் ஓடிய இத்தாலியர், சிறிது நேரக் காவலுக்குப் பின் பெரிய தண்டனை ஏதுமின்றி விடுவிக்கப்பட்டார். முதல் வாரத்தில் தொப்பி தடுக்கப்பட்டது. இரண்டாம் வாரத்தில் கொடியோடு களம் புகுந்தவர் வீடு திரும்பினார். எந்தச் சட்டமும் இடையில் மாறவில்லை.

ஒழுக்க மரபோடு தொடர்பே இல்லாத கட்டுப்பாடுகளும் இருந்தன. ஈரானில் பெண்கள் தலைமையில் எழுந்த போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம் அது. நவம்பர் 25 வேல்ஸ்–ஈரான் ஆட்டத்துக்கு வந்த ஈரானிய ரசிகர்களில் பலரிடமிருந்து, 1979 புரட்சிக்கு முந்தைய கொடிகளும் பெண்ணுரிமை முழக்கம் எழுதிய சட்டைகளும் வாயிலில் வாங்கப்பட்டன. அரசியல் வாசகங்களை அரங்குக்குள் அனுமதிப்பதில்லை என்ற ஃபிஃபாவின் விதியும், அண்டை நாட்டோடு உறவைக் கெடுத்துக்கொள்ள விரும்பாத கத்தாரின் தேவையும் இங்கே ஒன்றுசேர்ந்தன. இங்கிலாந்து ரசிகர்கள் சிலர் சிலுவைப்போர் வீரரின் வேடத்தில் வந்தபோது அரபு மண்ணில் அது புண்படுத்தும் என்று ஃபிஃபா சொன்னதை யாரும் குறை கூற முடியாது. பண்பாட்டை மதிக்கக் கோருவதற்கும் எதிர்ப்புக் குரலை அடக்குவதற்கும் உள்ள எல்லை இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கு இடையில்தான் ஓடுகிறது. செய்தியாளர் விஷயத்திலும் அப்படித்தான்: போட்டிக்குச் சில நாள் முன் தோஹா தெருவில் நேரலையில் இருந்த டென்மார்க் தொலைக்காட்சிக் குழுவின் கேமராவை உடைத்துவிடுவதாகக் காவலர்கள் மிரட்டினர்; உரிய அனுமதி அவர்களிடம் இருந்தது; பிறகு ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது.

பெண் பார்வையாளருக்கு இந்தச் சட்டங்கள் தரும் இடர் இன்னும் ஆழமானது. கொடி, தொப்பி அளவுக்கு அது பேசப்படவில்லை. ஏற்பாட்டுக் குழுவிலேயே பணிபுரிந்த மெக்சிகோ நாட்டுப் பெண் ஒருவர் 2021 ஜூனில் தம்மீது தாக்குதல் நடந்ததாகப் புகார் அளித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தமக்கு அவரோடு உறவு இருந்ததாகச் சொன்னதும், புகார் கொடுத்தவர் மீதே திருமணத்துக்கு வெளியிலான உறவு என்ற வழக்குத் திரும்பியது. அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. வழக்கு 2022 ஏப்ரலில்தான் கைவிடப்பட்டது. பாலுறவுக் குற்றச் சட்டம் இவ்வாறு இருக்கும்வரை, தாக்கப்பட்ட பெண் காவல் நிலையத்துக்குள் நுழையவே தயங்குவார். ஓட்டலில் ஒரே அறை தரப்படும் என்ற சலுகை இந்த அச்சத்தைத் தொடவே இல்லை. 2020 அக்டோபரில் தோஹா விமான நிலையக் கழிப்பறையில் கைவிடப்பட்ட சிசுவின் தாயைத் தேடி, விமானங்களிலிருந்து பெண்கள் இறக்கப்பட்டு உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட நிகழ்வும் உலகம் அறிந்தது. அந்தப் பெண்களில் ஆஸ்திரேலியர் பலர். கத்தார் அரசு வருத்தம் தெரிவித்தது.

சலுகை யாருக்கு என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நுழைவு அனுமதியாகவும் பயணச்சீட்டாகவும் பயன்பட்ட ஹய்யா அட்டையோடு வந்தவர் மெட்ரோவில் இலவசமாகச் சென்றார், பூங்காவில் பீர் குடித்தார். அதே ஊரில் பல்லாண்டுகளாக வாழும் தொழிலாளிக்கு, அவர்களில் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன தமிழர்களும் உண்டு, அந்தத் தளர்வு பொருந்தவில்லை. தொழிலாளியை முதலாளியோடு பிணைக்கும் கஃபாலா முறையில் சீர்திருத்தங்கள் வந்தது உண்மை: வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதி 2020இல் நீங்கியது, மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. போட்டியின் வெளிச்சம் இல்லாமல் இவை வந்திருக்கும் என்று நம்புவது கடினம். ஆனால் 2022 ஆகஸ்டில், சம்பள நிலுவை கேட்டுத் தோஹாவில் சாலையை மறித்த தொழிலாளர்களில் பலர் பிடிக்கப்பட்டு, சிலர் நாடு கடத்தப்பட்டனர். மூன்று மாதம் கழித்து ரசிகர் கூட்டம் கூடிநிற்கத் திறந்துவிடப்பட்ட அதே நகரம் அது.

விருந்தினருக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று என்ற இந்த வழக்கம் கத்தாரில் தொடங்கியதில்லை. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் ஆண்களின் கால்பந்தைப் பெண்கள் அரங்கில் பார்க்க முடியாத நிலை ஏற்பட்டது. 2001 நவம்பரில் டெஹ்ரானில் அயர்லாந்து ஆடியபோது உடன்வந்த ஐரிஷ் பெண்கள் ஆசாதி அரங்குக்குள் அனுமதிக்கப்பட்டனர். ஈரானியப் பெண்கள் வெளியே நின்றனர். 2019இல் ஆண் வேடத்தில் அரங்கு புக முயன்று பிடிபட்ட 29 வயதுப் பெண் ஒருவர், சிறைத் தண்டனைக்கு அஞ்சி நீதிமன்ற வாயிலில் தீக்குளித்து இறந்தார். அதன்பின் பெண்களை அனுமதிக்குமாறு ஃபிஃபா கண்டிப்பாகக் கேட்டது. அந்த அக்டோபரில் கம்போடியாவை ஈரான் 14–0 என்று வென்ற ஆட்டத்தைச் சுமார் 3,500 பெண்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தனர். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று. கேட்பதற்கு ஓர் உயிர் தேவைப்பட்டது என்பதுதான் வேதனை.

சதுரங்கத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே விருந்தினர்மீதே உள்ளூர் விதி பாய்ந்தது. 2017 தொடக்கத்தில் டெஹ்ரானில் நடந்த மகளிர் உலகச் சாம்பியன் போட்டியில் தலைமுக்காடு கட்டாயம் என்பதால் அமெரிக்கச் சாம்பியன் நாசி பைகிட்சே வர மறுத்தார். இந்தியாவின் ஹரிகா துரோணவல்லி கலந்துகொண்டு வெண்கலம் பெற்றார். மறு ஆண்டு ஈரானின் ஹமதான் நகரில் நடக்கவிருந்த ஆசிய அணிகள் போட்டியிலிருந்து சௌம்யா சுவாமிநாதன் இதே காரணத்துக்காக விலகினார். 2017 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டியில் ஆட்ட நேரத்தில் வீராங்கனைகளுக்கு ஹிஜாபும் அபாயாவும் தேவையில்லை என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே சவூதியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியது. சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் ரேபிட் பட்டத்தை வென்றது அங்கேதான். மகளிர் பிரிவின் இரு பட்டங்களையும் கையில் வைத்திருந்த உக்ரைனின் அன்னா முசிச்சுக் அவற்றை இழக்கத் துணிந்து வராமல் இருந்தார். ஆட்ட அரங்குக்கு வெளியே தெருவில் என்ன உடை, யாருடன் நடப்பது என்பன அவரது கேள்விகள். இஸ்ரேல் வீரர்களுக்கு விசாவே வழங்கப்படவில்லை. போகிறவரும் மறுப்பவரும் தத்தம் மனசாட்சிப்படி முடிவெடுத்தார்கள். இருவரையும் மதிக்க வேண்டும். அந்தச் சுமையை வீராங்கனையின் தலையில் ஏற்றாமல் இருப்பது போட்டி நடத்தும் அமைப்பின் கடமை.

2034 ஆண்கள் உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பர் 11இல் வழங்கப்பட்டது. வேறு எந்த நாடும் கேட்கவில்லை. காணொளி மாநாட்டில் கைதட்டல் வழியாகவே முடிவானது. ஐந்து நகரங்கள், 15 அரங்குகள், 104 ஆட்டங்கள் என்பது திட்டம். சவூதியும் மாறிவருகிறது: 2018 ஜனவரியில் ஜெட்டாவில் பெண்கள் முதன்முறையாகக் கால்பந்து அரங்குக்குள் வந்தனர், 2019இல் சுற்றுலா விசா தொடங்கியபோது, வெளிநாட்டு இணைகள் திருமணச் சான்று காட்டாமல் ஓட்டலில் தங்க அனுமதி வந்தது. வெளிநாட்டு இணைகள் என்ற சொல்லில் பழைய வேறுபாடு அப்படியே தொடர்கிறது; உள்ளூர் இணையிடம் சான்று கேட்கப்படும். மதுத் தடை 1952 முதல் உள்ளது. 2024இல் ரியாத்தின் தூதரகப் பகுதியில் முஸ்லிம் அல்லாத தூதர்களுக்காக ஒரே ஒரு கடை திறக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் பிரிட்டனுக்கான சவூதித் தூதர் இளவரசர் காலித் பின் பந்தர் லண்டன் வானொலியில், உலகக் கோப்பையின்போது ஓட்டல்கள் உட்பட எங்குமே மது இருக்காது என்றார். ஒன்பது ஆண்டு முன்கூட்டியே சொல்லப்பட்ட அந்த விடை, இரண்டு நாள் முன்பு வந்த கத்தார் அறிவிப்பைவிட நேர்மையானது. விருப்பமில்லாதவர் போகாமல் இருக்கலாம். தன்பாலீர்ப்பு ரசிகர்கள் பற்றிக் கேட்டபோது எல்லாரையும் வரவேற்போம் என்றார். சட்டத்தில் எது மாறும், எந்த நாள்வரை மாறியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை.